பெட்டியை நிறுத்த மாட்டேன்

பெட்டியை நிறுத்திவிடு என்று எனக்கு அறிவுரை சொல்லாதவர்களைக் கிள்ளானில் விரல்விட்டு எண்ணிவிடலாம். மீன் வாங்கப் போனால் மீன்காரர் சொல்வார். கோயிலுக்குப் போனால் அர்ச்சனைச் சீட்டு கிழிப்பவர் சொல்வார். என் கணவர் நேராகச் சொல்ல மாட்டார், செய்தி படித்துக் காட்டுவார். வெளிநாட்டில் விளையாட்டுப் பெட்டி செய்யும் பெரிய கம்பெனி ஒன்று, இனிமேல் பெட்டியே வேண்டாம், விளையாட்டை மட்டும் விற்றுப் பிழைக்கலாமா என்று யோசிக்கிறதாம். "அவங்களாலேயே முடியலையாம்," என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்ப்பார். அவர்களால் முடியவில்லை என்றால் அதற்கு நான் ஏன் கடையைச் சாத்த வேண்டும்?

நாங்கள் செய்வது வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டி விளையாடும் பெட்டி. சோற்று டப்பா அளவுதான் இருக்கும். கூடவே ஒயரோடு நான்கு கண்ட்ரோலர்கள். ஒவ்வொன்றிலும் திசை திருப்ப ஒரு சின்னச் சக்கரம், அடிக்க ஒரு பெரிய வட்டப் பட்டன். பட்டனை அழுத்திப் பிடித்து விட்டால் அடி விழும், எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவு வேகம். உள்ளே இருப்பதெல்லாம் நம் வீட்டு ஆட்டங்கள்: கேரம், தாயம், பாம்பும் ஏணியும், சொங்காக் என்கிற பல்லாங்குழி, கல்லெறிந்து மாங்காய் அடிப்பது. இணையம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், பிறந்த தேதி கேட்டு நச்சரிக்காது. ஒயரைக் குத்தினால் ஆட்டம், அவ்வளவுதான்.

இதைச் செய்ய எனக்கு என்ன தகுதி என்று கேட்டவர்களும் உண்டு. நான் கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளியை முடித்ததும், விடியுமுன் தோட்டத்து வாசலுக்கு வரும் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி ஷா ஆலம் போனேன். அங்கே மின்னணு ஃபேக்டரியில் சர்க்கிட் போர்டில் பூதக்கண்ணாடி வைத்துக் குறை பார்க்கும் வேலை. பிறகு லைன் லீடர், அதற்குப் பிறகு தரம் பார்க்கும் பிரிவு. எங்கள் லைனில் ஓடியவற்றில் விளையாட்டுப் பெட்டிகளுக்கான போர்டுகளும் உண்டு. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதை வைத்து விளையாடினார்கள். அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் யார் யார் பெயரோ இருக்கும், எங்கள் கை பட்டதற்கு ஒரு கீறல் அடையாளம்கூட இருக்காது. ஒரு நாள் ஃபேக்டரியே வேறு நாட்டுக்குப் போய்விட்டது. போகும்போது கேக் வெட்டி, கைதட்டி, எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கேக்கை நான் வாயில் வைக்கவில்லை.

என் தம்பி கம்ப்யூட்டர் படித்தவன். பங்சாரில் ஏதோ ஒரு வங்கிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தான். பொழுதுபோகாமல் அவன் எழுதிய கேரம் ஆட்டத்தை ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினான். சமையலறையில் இருந்தவர்கள், வாசலில் வெட்டிப்பேச்சு பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முறுக்கு எண்ணெயில் கருகியது. அன்றைக்கே நான் தம்பியிடம் சொன்னேன், நீ ஆட்டத்தை எழுது, நான் பெட்டியைச் செய்கிறேன் என்று. வேலை போனதற்குக் கிடைத்த நஷ்டஈடு என்னிடம் இருந்தது. பழைய லைனில் என்னோடு இருந்த பெண்கள் சிலர் சும்மா இருந்தார்கள். கிள்ளானில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, ஆளுக்குப் பாதி என்று கம்பெனி பதிந்தோம்.

முதல் பெட்டி முழுசாக வேலை செய்து முடிந்த அன்று ஒரு காரியம் செய்தோம். முதல் காய்ப்பு சாமிக்கு என்பது எங்கள் வழக்கம். தோட்டத்தில் முதல் வாழைத்தாரை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள், கோயிலுக்குத்தான் போகும். அதே மாதிரி அந்தப் பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்து, தேங்காய் பழத்தோடு கிள்ளானில் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். குருக்கள் முதலில் விழித்தார். பிறகு மனம் தேறி, பெட்டிக்கும் நான்கு கண்ட்ரோலர்களுக்கும் கை நிறையச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்து, மாலை போட்டு அம்மன் காலடியில் வைத்தார். பூசை முடிந்து எடுத்துப் போகச் சொன்னார். சாமிக்குக் கொடுத்ததை எப்படி எடுத்துப்போவது? கோயிலே வைத்துக்கொள்ளட்டும் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அந்த வருஷம் பிரிக்பீல்ட்ஸ் தீபாவளிச் சந்தையில் கடை போட்டோம். பலகாரக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில் ஒரு தொலைக்காட்சியை வைத்து ஆட்டத்தை ஓடவிட்டதுதான் விளம்பரம். நடைபாதை அடைபட்டு, நகராண்மை ஆள் வந்து கூட்டத்தைக் கலைக்கச் சொன்னான். சொல்லிவிட்டு அவனும் ஒரு ஆட்டம் ஆடினான். செய்து கொண்டுபோன முதல் தொகுதி மொத்தமும் விற்றுத் தீர்ந்தது. காட்சிக்கு வைத்த பெட்டியையும் ஒரு அம்மா மகளுக்குச் சீர் வைக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கிப் போனார். கடையைப் பிரிக்கும்போது எங்களிடம் ஒரு பெட்டிகூட மிஞ்சவில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

அதற்குப் பிறகு நடந்தது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. அடுத்த தொகுதி சுமாராக விற்றது. அதற்கடுத்தது இழுத்துக்கொண்டு போனது. மஸ்ஜித் இந்தியாத் தெருவில் எங்கள் பெட்டியை எடுத்து விற்ற துணிக்கடைக்காரர், "அக்கா, வாங்கிட்டுப் போறாங்க, ஆனா ரெண்டாவது ஆள கூட்டிட்டு வர மாட்டேங்கிறாங்க," என்றார். அதைக் கேட்டபோதே நான் காரணத்தைத் தேடியிருக்க வேண்டும். கடை மூலையில் வைத்திருக்கிறீர்கள், எப்படி விற்கும் என்று அவரிடம் சண்டை போட்டேன்.

தம்பி சண்டை போடவில்லை. அவன் யோசித்தான்.

"அக்கா, பெட்டி செத்துப்போச்சு," என்றான் ஒரு நாள். "எல்லார் கையிலயும் போன் இருக்கு. நாம ஏன் இன்னொரு சாமானத் தூக்கிட்டு அலையணும்? அச்சு, ரப்பர், ஒயர், லோரி, வாடகை. ஆட்டத்த மட்டும் போன்ல போட்டா ஒண்ணும் வேணாம்."

"போன் ஒருத்தரோடதுடா. பெட்டி வீட்டோடது."

"இதெல்லாம் மேடையில பேச நல்லாருக்கும். கடையில விக்காதுலா."

அவன் சொன்னது பொய்யில்லை. பெட்டியில் வரும் லாபம் அடுத்த பெட்டிக்கே போதவில்லை. எனக்கும் பயம் இருந்தது உண்மை. ஆனால் பயந்தவள் மாதிரி அவன் முன்னால் உட்கார எனக்கு இஷ்டமில்லை.

பங்சாரில் ஒரு காப்பிக் கடைக்கு என்னைக் கூட்டிப்போனான். அங்கே அவனுடைய நண்பர் ஒருவர், கம்பெனிகளுக்கு யோசனை சொல்கிறவராம், விரற்கடை உயரக் கோப்பையில் கசாயம் மாதிரி ஒன்றைக் குடித்துக்கொண்டிருந்தார். சாமான் செய்கிற கம்பெனி எல்லாம் பாரம் சுமக்கிற கம்பெனி என்றார். பாரத்தை இறக்கினால் பறக்கலாமாம். பறந்து எங்கே போவது என்று கேட்டேன். தம்பி மேசைக்கடியில் என் காலை மிதித்தான்.

அந்த நண்பர்தான் ஒரு போன் விளையாட்டுக் கம்பெனியைத் தேடிக் கொண்டுவந்தார். எங்கள் ஆட்டங்களை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தம்பிக்கு அங்கே நல்ல பதவி. ஒரே ஒரு நிபந்தனை, அதே ஆட்டங்களை வைத்து நாங்கள் பெட்டி செய்யக் கூடாது. ஆளுக்குப் பாதி என்பதால் என் கையெழுத்தும் வேண்டும். மாதக் கடைசிக்குள் சொல்லச் சொன்னார்கள். தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். என் பெட்டிக்காக வங்கி வேலையை விட்டு வந்தவன் அவன். இதையெல்லாம் நினைக்காமல் நான் பிடிவாதம் பிடித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நினைத்துத்தான் பிடித்தேன்.

அந்த வாரத்தில்தான் கோயில் கமிட்டியிலிருந்து ஒரு அக்கா எனக்குப் போன் பண்ணினார். "நீங்க குடுத்த பெட்டி இருக்குல்ல, அதுல ஒரு ஒயர் ரோசாக் ஆயிருச்சு. வந்து மாத்தித் தரீங்களா?" எனக்கு ஒரு நிமிஷம் எந்தப் பெட்டி என்றே புரியவில்லை. கோயில் கிடங்கில் தூசி தின்றுகொண்டிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கோயில்காரர்கள் பக்கத்துத் தெருவில் நடத்தும் டயாலிசிஸ் சென்டருக்கு அதை எப்போதோ கொடுத்துவிட்டார்களாம்.

அந்த இடத்துக்கு நான் போனதில்லை. போகாத குடும்பம் எங்கள் ஆட்களில் குறைவு, இனிப்பு நீர் வியாதி வீட்டுக்கு வீடு இருக்கிறது. சுவரோரமாகச் சாய்வு நாற்காலிகள். பக்கத்தில் இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரங்கள். வாரம் மூன்று நாள், வந்தால் நான்கு மணி நேரம். ஒரு கையில் ஊசி ஏறியிருக்கும், அதை அசைக்கக் கூடாது. இன்னொரு கைதான் அவர்களுக்குச் சொந்தம். அந்தக் கையில் எங்கள் கண்ட்ரோலரை மடிமேல் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவர்த் தொலைக்காட்சியில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

நடு நாற்காலியில் ஒரு அங்கிள். துறைமுகத்தில் லோரி ஓட்டியவர், இப்போது கண் பார்வையும் கொஞ்சம் மங்கல். அவருடைய ஒயர்தான் போயிருந்தது. மாற்றிக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டார்.

"நீங்கதான் இந்தப் பெட்டி செய்றவங்களா? நல்லதாப் போச்சு. உங்க பேர்ல எவனோ டுப்ளிகேட் விக்கிறான், தெரியுமா?"

"டுப்ளிகேட்டா?"

"என் மவன் பிரிக்பீல்ட்ஸ்ல வாங்கிட்டு வந்தான், போன தீபாவளிக்கு. அதே டப்பா, அதே படம். பட்டன அமுக்குனா கட்டைவிரல் கழண்டு போவுது. ரெண்டு ஆட்டம் ஆட முடியல. அலமாரி மேல தூக்கிப் போட்டுட்டேன். போலீஸ்ல ஒரு ரிப்போர்ட் குடுங்க."

போன தீபாவளிக்கும் பிரிக்பீல்ட்ஸில் கடை போட்டு அந்தப் பெட்டியை விற்றவள் நான்தான். ஒயரை மாற்றிய கண்ட்ரோலரைச் சோதிப்பதுபோல் பட்டனை அழுத்தினேன். மெத்தென்று இறங்கி, அடியில் ஒரு சின்னத் தட்டலோடு நின்று, விட்டதும் விரலைத் தானே மேலே தூக்கிக் கொடுத்தது. மறுபடி அழுத்தினேன். இப்படி ஒரு பட்டனை நாங்கள் செய்தோம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

ஃபேக்டரியில் ஒரு முறை உண்டு. புதுச் சாமான் லைனில் ஏறும்போது, முதலில் வரும் குறையில்லாத ஒன்றை எடுத்து, முத்திரை ஒட்டி, அலமாரியில் பூட்டி வைப்பார்கள். கோல்டன் சேம்பிள் என்று அதற்குப் பெயர். அதற்கப்புறம் எத்தனை ஆயிரம் செய்தாலும் அதோடு ஒப்பிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். அந்த அலமாரிச் சாவி பல வருஷம் என் கழுத்தில்தான் தொங்கியது. சொந்தக் கம்பெனி என்று வந்தபோது, அந்த முதல் ஒன்றை நாங்கள் அம்மனுக்குக் கொடுத்துவிட்டோம். மிச்சமெல்லாம் தீபாவளிச் சந்தையில் போய்விட்டன. பூட்டி வைக்க ஒன்றுமில்லை. அடுத்த முறை பட்டனுக்கு அடியில் வைக்கும் ரப்பரை, பூச்சோங்கில் அதைச் செய்து தருபவரிடம், போன தடவை மாதிரியே கொடுங்கள் என்றோம். அவரும் கொடுத்தார், ஒரு பொட்டு இறுக்கமாக. அதற்கடுத்த முறை அந்த இறுகியதைக் காட்டி, இதே மாதிரி என்றோம். அவர் ஏமாற்றவில்லை. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்கத்தானே செய்யும்?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாங்கள் அளக்காமல் போட்டுவிட்டோம். போட்டது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஃபேக்டரிக்காரிகள் அத்தனை பேரும் புடவை கட்டிக்கொண்டு தாம்பாளத்தைச் சுற்றி நின்றோம், எங்கள் பெயரில் செய்த முதல் சாமானோடு. அதைக் கொண்டுபோய் இரும்பு அலமாரியில் பூட்ட எந்தக் கைக்கு மனசு வரும்?

கமிட்டி அக்காவிடம் பெட்டியை இரண்டு நாள் எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது.

"சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கிறீங்களா?"

"திருப்பி இல்லக்கா. அளந்து பாத்துட்டுக் கொண்டாந்துருவேன்."

"அதெல்லாம் முடியாது. கோயில் சாமான் எங்க பொறுப்ப விட்டு வெளிய போகக் கூடாது."

அங்கிளும் நாற்காலியிலிருந்தே குறுக்கே விழுந்தார். "எடுத்துட்டுப் போனா எங்க கணக்கெல்லாம் அழிஞ்சிரும். அதுல யான இருக்கு."

அப்போதுதான் எனக்குச் சங்கதி தெரிந்தது. எங்கள் பெட்டியில் ஆடுகிறவர் பெயர் அடிக்க வேண்டியதில்லை, ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். சேவல், ரம்புத்தான், மயில், யானை என்று. யார் எத்தனை ஜெயித்தார் என்பதைப் பெட்டி நினைவில் வைத்துக்கொள்ளும். இந்த நாற்காலிகளில் திங்கள், புதன், வெள்ளி ஒரு கூட்டம் உட்காரும். செவ்வாய், வியாழன், சனி இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. ஆனால் பெட்டி அங்கேயே இருக்கிறது. செவ்வாய்க்காரர்கள் வந்ததும் முதலில் திங்கட்கிழமைக்காரர்கள் எத்தனை ஏறியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் திட்டுவார்கள். நர்ஸ் பெண் அந்தத் திட்டைப் புதன்கிழமை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அதில் எல்லாருக்கும் மேலே ஏறி நின்றது யானை. அந்தப் படத்தை வைத்து ஆடிய திங்கட்கிழமை மனிதர் இப்போது வருவதில்லை. இனி வரவும் மாட்டார். அவர் இருந்தபோது அங்கிள் அவரைப் பார்த்ததே கிடையாது. "அந்தக் கணக்கத் தாண்டணும்னுதான் நான் வரேன்," என்றார் அங்கிள். "இல்லாட்டி இந்த ஊசிக்கு எவன் வருவான்?"

பெட்டியை அங்கேயே வைத்துத் திறப்பது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு விடுமுறை. அளக்கும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். கமிட்டி அக்கா விளக்கேற்றி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தார். திருகாணிக் குழிகளில் அன்றைக்குக் குருக்கள் அப்பிய சந்தனம் கல்லாக இறுகிக் கிடந்தது. ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். வாங்கியவருக்குச் சொன்னது அது, கொடுத்தவளே பல்லைப் பிடித்துப் பார்த்தது என் கதையாகத்தான் இருக்கும். நினைவை வைத்திருக்கும் சின்ன பேட்டரியைத் தொடாமல், நான்கு கண்ட்ரோலர்களின் ரப்பரையும் அழுத்தி அளந்தேன். நாங்கள் இப்போது விற்பதற்கு வேண்டிய அழுத்தத்தில் ஏறக்குறைய பாதியே அதற்குப் போதும். மூடித் திருகிப் போட்டுப் பார்த்தோம். யானை அங்கேயே இருந்தது.

தம்பியிடம் சொன்னேன். அவன் எதிர்க்கேள்வி போட்டான். "சரிக்கா, பட்டன் கல்லு மாதிரி ஆயிருச்சு. அதனாலதான் விக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்? மெத்துன்னு இருந்தா மட்டும் வாங்குவாங்களா?" நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். ஜனங்களுக்குப் பெட்டி வேண்டாம் என்று அவனும் அந்தக் காப்பிக் கடை மேதையும் முடிவுகட்டியது, விரலை நோகடித்த ஒரு பட்டனை வைத்து. சோறு குழைந்தால் சமையலைத் திருத்துவார்களா, சாப்பாடே வழக்கொழிந்துவிட்டது என்பார்களா?

பூச்சோங்குக்கு நாலைந்து தடவை அலைந்தேன். ரப்பர்காரர் வெவ்வேறு பக்குவத்தில் மாதிரிகள் செய்து கொடுத்தார். கருவி காட்டும் எண் மட்டும் போதாது என்று எனக்குப் பட்டது. அதனால் மாதிரி ரப்பர் வைத்த கண்ட்ரோலர்களைப் பையில் போட்டுக்கொண்டு செவ்வாயும் வியாழனும் சென்டருக்குப் போனேன். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் இந்தப் பட்டனை அழுத்துகிற கைகளைவிட நல்ல தரப் பிரிவு எந்த ஃபேக்டரியில் இருக்கிறது? அங்கிள் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார். இது களிமண், இது பழைய டயர் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பார்.

மாதக் கடைசி வந்தது. நான் போனை எடுக்கவில்லை என்று, தம்பி ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சென்டருக்கே வந்துவிட்டான். உள்ளே வந்தவன் ஊசிகளையும் குழாய்களையும் பார்த்து ஒரு கணம் தடுமாறினான். பிறகு அங்கிளின் நாற்காலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த என்னிடம் பேனாவை நீட்டினான்.

"நான் போடப் போறதில்லடா," என்றேன்.

"அக்கா, இது உன் ஒருத்தி வாழ்க்கை இல்ல."

"தெரியும். நீ போ. போன்ல புதுசா என்ன ஆட்டம் வேணா எழுது, நான் பங்கு கேட்க மாட்டேன். இந்த ஆட்டங்கள மட்டும் பெட்டியில இருந்து புடுங்க விட மாட்டேன்."

"இந்த ஆட்டங்களத்தான் அவங்க கேக்குறாங்க."

"அப்ப அவங்களுக்குக் கிடைக்காது."

அவன் முகம் சிவந்துவிட்டது. சத்தம் போட முடியாத இடம். வழக்குத் தீர்க்க ஆள் தேடுகிறவன்போல அங்கிள் பக்கம் திரும்பினான். "அங்கிள், நீங்க சொல்லுங்க. இதே கேரம் உங்க போன்லயே ஓசியில வந்தா விளையாட மாட்டீங்க?"

அங்கிள் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விளையாடலாம் தம்பி. திங்கக்கெழமக்காரன்கிட்ட எப்படித் தோக்குறது?"

"அங்கிள், போன்ல உலகத்துல யார்கூட வேணும்னாலும் ஆடலாம்."

"உலகத்துல எவனோ ஜெயிச்சா எனக்கு என்ன வந்துச்சு? இந்த நாற்காலியில உக்காந்து, இதே பட்டன அமுக்கி ஜெயிச்சிருக்கான். அதுதான் எரியுது."

பக்கத்து நாற்காலி ஆன்டி சிரித்தார். தம்பிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. அந்தக் கேரத்தை எழுதியவனே அவன்தான். அதற்காக நோயாளிகள் இப்படிக் கட்டிப் புரள்வதை அவனும் அன்றைக்குத்தான் பார்க்கிறான். அங்கிளின் காய் குழியில் விழுகிறதா என்று எட்டிப் பார்த்தான். பிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னான்.

"பட்டன சரி பண்ணிட்ட, ஒத்துக்கறேன். ஆனாலும் கேட்டுக்க, பெட்டிக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான்கா. அதுக்கு மேல ஓடாது."

அவன் சொல்வதே நடக்கலாம். அடுத்த கண்ட்ரோலருக்காக நான் பையைத் துழாவியபோது அங்கிள் பட்டனிலிருந்து விரலை எடுத்தார்.

"ரெண்டு வருஷமா? டாக்டர் எனக்கு அவ்வளவுகூட சொல்லல. உங்க அக்காவச் செய்யச் சொல்லு தம்பி."

தம்பி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஒப்பந்தம் அவன் கையிலேயே இருந்தது, நீட்டவில்லை. நான் பையிலிருந்து அடுத்த கண்ட்ரோலரை எடுத்து அங்கிளின் மடியில் வைத்தேன். நாலைந்து முறை அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மெத்துன்னு வேணும் என்றார்.